லயத்துக் கூரையில் வானலை

பதுளையிலிருந்து பசறை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் வளைவு ஒன்றைக் கடந்ததும், கீழே பள்ளத்தில் லயத்துக் கூரைகள் நீண்டு கிடப்பதைக் காணலாம். துருப்பிடித்த தகரங்கள் காற்றிற் பறந்துவிடாதிருக்க அவற்றின்மீது கற்களை ஏற்றி வைத்திருப்பார்கள். அக்கற்களினிடையே சாம்பல் நிறமான டிஷ் தட்டுகள் சில வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். ஒரு முறை அவ்விடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். கதவுகள் பன்னிரண்டு, தட்டுகளோ ஏழு. இருட்டிய பின்னர் அவ்வழியே திரும்பி வந்தபோது பன்னிரண்டு வாயில்களிலும் தொலைக்காட்சியின் நீல ஒளி அசைந்துகொண்டிருந்தது.

ஏழு தட்டுகள் பன்னிரண்டு பெட்டிகளுக்கு எவ்வாறு போதுமாயின? ஒரே தட்டிலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி இரண்டு காம்பராக்களுக்குள் நுழைந்திருந்தன என்பதே விடை. கேட்பதற்கு இஃது எளிய செய்தி. ஆனால் அந்த இரண்டு கம்பிகளைப் பின்தொடர்ந்து சென்றால், ஊவா மாகாணத்துத் தோட்ட மக்கள் நூறாண்டுகளுக்கு மேலாக எதை எதைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது என்ற வரலாற்றுக்குள்ளேயே நாம் போய்ச் சேருவோம்.

லயம் என்பது கோப்பிக் காலத்தில் எழுந்த கட்டடம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிவிடும் ஆண்களை அடைத்து வைப்பதற்குக் கட்டிய பாசறை அது. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையைத் துரு நோய் பற்றியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டேயிருக்கும். எனவே குடும்பங்கள் வந்தன, வந்தவை தங்கின. ஆட்கள் மாறினார்களே தவிரக் கட்டடம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவ்வளவுதான். மகனுக்குக் கலியாணம் ஆனால் இஸ்தோப்பை மறைத்து மற்றோர் அறையாக்குவார்கள். நல்ல காலம் இருந்தால் அடுத்த காம்பரா காலியாகி மகனுக்குக் கிடைக்கும். இரண்டு காம்பராக்கள் என்று நாம் பேசும்போது, பல இடங்களில் அவை ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

பழைய லயங்கள் சிலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. சுவரின் தலைக்கும் தகரத்துக்கும் இடையே ஓர் இடைவெளி. ஒரு வீட்டு அடுப்புப் புகை மறு வீட்டிற் புகும். குழந்தையின் அழுகை, கணவன் மனைவி சச்சரவு, நோயாளியின் இருமல் யாவும் அவ்வாறே. தோட்டத்தில் இரகசியம் என்பது அரிதான பொருள். இந்த இடைவெளியை நேயர்கள் மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேறொரு பயன் வரப்போகிறது.

லயத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்ட முதல் ஒலி எது? தப்பு. விடியுமுன் தப்படித்து எழுப்பினால்தான் ஆட்கள் பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு வருவார்கள். அதைக் கேட்காமலிருக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இரவு வேளையில் அதே தப்பு காமன் கூத்துக்கு அடிக்கப்பட்டது. அங்கே கேட்பவர் விரும்பிக் கேட்டார்கள். ஒரே தோல், ஒரே குச்சி, ஆனால் காலையில் அதன்மீது ஆணை செலுத்தியவர் வேறு, மாலையில் வேறு. பகிர்ந்து கேட்கும் எந்த ஒலியிலும் இந்த வினா உண்டு: எதைக் கேட்பது என்று தீர்மானிப்பவர் யார்?

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 ஆம் நாள் தொடங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1924 இல், புகையிரதப் பாதை பதுளை வரை வந்து முடிந்திருந்தது. கோச்சி வந்த வேகத்தில் வானொலி வரவில்லை. அக்காலத்து வால்வுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், அல்லது பெரிய பாட்டரி வேண்டும். தேயிலை ஸ்டோரில் இயந்திரம் ஓடியது; துரையின் பங்களாவில் விளக்கு எரிந்தது; லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். ஆகவே முதலில் வானொலி கேட்டவர் துரை, பின்னர் உத்தியோகத்தர், அதன் பின்னர் கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி. கங்காணி வீட்டு இஸ்தோப்பில் பெட்டி பாடும்போது முற்றத்தில் நின்று கேட்பவர்கள் உண்டு. நிறுத்திவிட்டால் கலைந்து போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

டிரான்சிஸ்டர் பெட்டி வந்த பிறகே இந்த நிலை மாறியது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். தமிழ்நாட்டு வீதிகளில் கொழும்பின் குரல் ஒலித்தது. அதே பாடல்கள் பதுளை லயங்களிலும் ஒலித்தன. ஒரு பெட்டி இருந்தால் போதும். நடுச்சுவரின் மேலுள்ள இடைவெளி வழியாக இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் பாட்டுப் போகும். பக்கத்து வீட்டுக்காரிக்கு விருப்பமான பாட்டு வந்தால் சுவரைத் தட்டி, "கொஞ்சம் கூட்டி வையுங்க அக்கா" என்பாள். கம்பியும் இல்லை, கருவியும் இல்லை, செலவும் இல்லை. வானொலியைப் பகிர்வதில் இருந்த எளிமை பின்வந்த எந்தக் கருவியிலும் இல்லை என்பது என் எண்ணம்.

தொலைக்காட்சியின் கதை வேறு. இலங்கையில் 1979 ஏப்ரல் 13 ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் நின்றது. அத்துணை உயரத்தில் நின்றும், ஊவாவின் பள்ளங்கள் பலவற்றில் படம் தெளிவாக விழவில்லை. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பதுளை நகரோ மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது; தோட்டங்கள் அம்மலைகளின் இடுக்குகளில் ஒளிந்திருப்பவை. குன்றின் இந்தப் பக்கத்து லயத்தில் படம் தெரியும். அந்தப் பக்கத்து லயத்தில் மாரிகாலத்துப் பனி போல வெண்புள்ளிகள் மட்டுமே தெரியும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து அஸ்டோரியா என்னும் ஊரில், 1948 இல், எட் பார்சன்ஸ் என்பவர் சியாட்டில் நகரத்துத் தொலைக்காட்சியைப் பார்க்க விரும்பினார். நகரம் நூறு மைலுக்கு அப்பால், நடுவே மலைகள். அவர் ஓர் ஓட்டலின் கூரையில் அலைவாங்கியை நிறுத்தி, அங்கிருந்து தெருவைக் கடந்து தம் வீட்டுக்குக் கம்பி இழுத்தார். பார்க்க வந்த அயலவர் கூட்டம் வீட்டை நிறைத்துவிடவே, பிற இடங்களுக்கும் கம்பி கொடுக்க நேர்ந்தது. கேபிள் தொலைக்காட்சி என்னும் பெருந்தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கூறுவர். நம் பக்கத்து இளைஞர்களும் மூங்கிலின் நுனியில் அலைவாங்கியைக் கட்டி, உயரமான மேட்டில் நட்டு, கம்பியை லயம் வரை இழுத்தவர்களே. அவர்கள் அஸ்டோரியாவைக் கேள்விப்பட்டதில்லை. மலை இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தது.

மின்சாரம் வராத லயங்களில் கறுப்பு வெள்ளைப் பெட்டி கார் பாட்டரியில் ஓடியது. பாட்டரி இறங்கிவிட்டால் அதைத் தோளிற் சுமந்து பஸ் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வரவேண்டும். வெள்ளிக்கிழமைத் திரைப்படம் முடியும் முன்னர் பாட்டரி இறங்கிப் படம் சுருங்கிச் சுருங்கி மறைந்த கதையைச் சொல்லிச் சிரிக்காத முதியவர் இல்லை. ஒரு பெட்டிக்கு இருபது பேர். எந்தப் பெட்டியில் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை, இருந்தது ஒன்றுதான்.

செய்ம்மதியின் வரலாற்றில் இலங்கைக்குத் தனித்ததோர் இடமுண்டு. பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றி, வானத்தில் அசையாது நிற்பது போல் தோன்றும் செய்ம்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் கொழும்பிலேயே காலமானார். நிலநடுக்கோட்டின் மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரம் என்பது அத்தகைய செய்ம்மதியின் இருப்பிடம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம் இந்தியா, அமெரிக்கச் செய்ம்மதி ஒன்றின் துணையோடு ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பிப் பார்த்தது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். தீவில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலத்தில் அவர் வீட்டில் படம் ஓடிற்று! இந்தியக் கிராமங்களுக்குக் கொடுத்த அலைவாங்கிகள் கோழிக்கூண்டு வலைக்கம்பியால் ஆனவை, பத்தடி அகலம், ஊருக்கு ஒன்று. அங்கும் ஊரே கூடி ஒரு பெட்டியைப் பார்த்தது.

பத்தடி வலை, இரண்டடித் தட்டாகச் சுருங்குவதற்கு முப்பதாண்டுகள் ஆயின. செய்ம்மதிகள் வலிமை பெறப் பெறத் தட்டுகள் சிறுத்தன. 1993 ஏப்ரல் 14 இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 2007 ஆம் ஆண்டளவில் இலங்கையில் டயலொக் நிறுவனத்தின் வீட்டுச் செய்ம்மதிச் சேவை வந்தது. அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் சன் டைரக்ட் வந்தது. இந்தியாவிற்கென விற்ற பெட்டிகள் கடல் தாண்டி மலைநாட்டுக்கு வந்ததும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு என்ன இடம் என்பது வேறு விசாரணை. லயத்துக் கூரையில் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

இங்கே மலை தோற்றது. கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் வரும் அலையைத்தான் மலை மறைக்கும். பதுளையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் உள்ள ஊர். கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கும் இந்தியச் செய்ம்மதியை அங்கிருந்து நோக்கினால், அது தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 73 பாகையில், உச்சிக்கு அருகிலேயே நிற்கும். நமுனுகுல மலையே எதிரில் நின்றாலும் அந்த அலையைத் தடுக்க முடியாது. எந்தப் பள்ளத்தில் ரூபவாஹினி புள்ளியாகத் தெரிந்ததோ, அதே பள்ளத்தில் சென்னை தெளிவாகத் தெரிந்தது. நூற்றைம்பது கிலோமீற்றருக்குள் உள்ள கொழும்பைக் காட்டிலும் எழுபத்தீராயிரம் கிலோமீற்றர் ஏறியிறங்கி வரும் சென்னை அண்மையாயிற்று.

இனி அந்த இரண்டு கம்பிகளுக்கு வருவோம். தட்டு என்பது வெறும் கண்ணாடி. அலையைக் குவித்துக் கொடுப்பது அதன் வேலை. குவிந்த இடத்தில் ஒரு கையின் நுனியில் நிற்கும் சிறு கருவிதான் அலையைப் பிடித்து, கம்பியிற் செல்லத் தக்க தாழ்ந்த அதிர்வெண்ணாக மாற்றி அனுப்புவது. எல்.என்.பி. என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். தோட்டத்தில் "தலை" என்றாலே விளங்கிக்கொள்வார்கள். செய்ம்மதி இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தன் அலைகளை இரண்டு விதமாக அனுப்புகிறது: சில நிலைக்குத்தாக அதிர்பவை, சில கிடையாக அதிர்பவை. சாதாரணத் தலை ஒரு நேரத்தில் இவ்விரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். எதைப் பிடிப்பது என்று அதற்கு ஆணையிடுவது வீட்டுக்குள்ளிருக்கும் பெட்டி. 13 வோல்ட்டு மின்னழுத்தத்தைக் கம்பி வழியாக மேலே அனுப்பினால் நிலைக்குத்து. 18 வோல்ட்டு அனுப்பினால் கிடை. படம் கீழே இறங்கி வரும் அதே கம்பியில் கட்டளை மேலே ஏறிப் போகிறது.

இந்த நுட்பம் தெரியாமையால் இரண்டு காம்பராக்களுக்கிடையே மூண்ட ஒரு சண்டையை நான் அறிவேன். தாய் ஒரு காம்பராவில். மகனும் மருமகளும் அடுத்ததில். மகன் கடையில் ஒரு பிரிப்பானை வாங்கி வந்து ஒற்றைத் தலையின் கம்பியை இரண்டாகப் பிரித்தான். நடுச்சுவரின் மேலுள்ள பழைய இடைவெளி வழியாக ஒரு கம்பி தாயின் வீட்டுக்குள் இறங்கிற்று. சுவரில் துளையிட வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துச் சுவரில் துளையிடுவதென்றால் கேட்கவேண்டியவர்களைக் கேட்க வேண்டுமே!

முதல் நாள் இரண்டு பெட்டிகளும் நன்றாக ஓடின. இரண்டாம் நாள் மாலை தாய் தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருக்கையில் படம் திடீரென்று மறைந்தது. சற்று நேரத்தில் தானாக வந்தது. மீண்டும் மறைந்தது. அடுத்த வீட்டில் மட்டும் சிரிப்பொலி கேட்டுக்கொண்டேயிருந்தது. மருமகள் வேண்டுமென்றே ஏதோ செய்கிறாள் என்று தாய் தீர்மானித்தாள். மருமகளோ தன் பெட்டியைத் தவிர எதையும் தொட்டவள் அல்லள். நடந்தது இவ்வளவே: அவள் கிடை அலையில் வரும் நிகழ்ச்சிக்கு மாற்றியபோது அவள் பெட்டி 18 வோல்ட்டை மேலே அனுப்பியது, தாயின் பெட்டி 13 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டும் பிரிப்பானில் சந்தித்தபோது உயர்ந்த அழுத்தம் வென்றது. தலை கிடைக்குத் திரும்பியது; தாயின் படம் போயிற்று. அவள் மாற்றிக்கொண்டதும் வந்தது. பதினைந்து நாள் பேச்சுவார்த்தை நின்றது. கொழுந்து மலையில் நிரை பிடிக்கும்போதுகூட இருவரும் அடுத்தடுத்து நிற்கவில்லை.

பதுளையிலிருந்து தட்டுப் பூட்ட வந்த ஓர் இளைஞன் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டான். "பெரியம்மா, இதில யாரு மேலயும் குத்தம் இல்ல. தலைக்கு ஒரு வாய்தான் இருக்கு. ரெண்டு வாய் உள்ளத போட்டா சரியாப் போகும்" என்றான். இரட்டை வாய்த் தலையில் உண்மையில் இரண்டு தலைகள் ஓர் உறைக்குள் அடங்கியிருக்கின்றன. தட்டு ஒன்றே, ஆனால் ஒவ்வொரு வாயும் தனக்குரிய பெட்டியின் ஆணையை மட்டும் கேட்கும். அவன் பிரிப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு, இரட்டைத் தலையைப் பூட்டி, இரண்டு முழுக் கம்பிகளை இழுத்தான். பிரிப்பான் அலையின் வலுவைப் பாதியாக்கும். முழுக் கம்பிகளுக்கு அந்தக் குறையும் இல்லை. சந்தா மட்டும் பெட்டிக்கு ஒன்றாகத் தனித்தனியே கட்டியாக வேண்டும். அன்று மாலை தாய் தன் நாடகத்தையும் மகன் தன் கிரிக்கெட்டையும் பார்த்தார்கள். மருமகள் மாமியார் வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மழையை மட்டும் எந்தத் தலையாலும் வெல்ல முடிவதில்லை. ஊவாவுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றில், ஐப்பசி தொடங்கித் தை வரை வருவது. இந்தச் சிறிய அலை, மழைத்துளியின் பருமனுக்கு அண்மையான நீளம் உடையதாகையால், கொட்டும் மழையில் கரைந்துபோகும். இரண்டு காம்பராக்களும் ஒரே கணத்தில் இருண்டுவிடும். ஆடி மாதத்தில் உலர்ந்த கச்சான் காற்று வீசி, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைக் கொடுக்கும் நாட்களில் படம் துல்லியமாயிருக்கும். அப்போது காற்றுத் தட்டையே திருப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 2010 ஜூலையில் வானத்திலேயே கோளாறு வந்தது. இன்சாட் 4பி செய்ம்மதியின் மின்வழங்கல் பழுதாகிப் பாதி அலைவரிசைகள் நின்றுபோயின. சன் டைரக்ட், 91.5 பாகையில் நின்ற மலேசியச் செய்ம்மதி ஒன்றுக்கு மாறியது. வானத்தில் இரண்டு பாகை. கூரையில் ஒரு விரலளவுத் திருப்பம். அதைத் திருப்பிச் சரிசெய்யத் தெரிந்தவனுக்கு அந்த நாட்களில் நல்ல கிராக்கி.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. லயத்தில் குடிநீர்ப் பீலிக்கு வரிசையில் நிற்பவர்கள் தட்டுக்குப் பணம் கொடுப்பதா என்று குறை கூறுவதையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1948 இல் குடியுரிமையை இழந்த இம்மக்களைப் பற்றி 1964 அக்டோபர் 30 இல் இரண்டு அரசுகள் கையொப்பமிட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று லயங்கள் பிரிந்தன. பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்கள் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தார்கள். பலர் மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், மறுபடியும் கொழுந்தே பறித்தார்கள். கடிதங்கள் முதலில் மாதந்தோறும் வந்தன; பின்னர் பொங்கலுக்கு மட்டும்; பின்னர் நின்றன.

கூடலூரில் அந்தச் செய்ம்மதி தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 66 பாகையில் நிற்கிறது. பசறையில் 73. ஏழு பாகைதான் வேற்றுமை. இறங்கி வருவது ஒரே அலை. பசறைப் பக்கத்தில் ஒரு முதியவர், தொடர்நாடகத்தில் தமக்கு அக்கறை இல்லை என்றும், இராத்திரி எட்டு மணிக்குத் தம் தங்கச்சியும் அங்கே இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும் என்னிடம் கூறினார். தங்கச்சி 1971 இல் கப்பல் ஏறியவர். அவருக்கு அந்த ஒரு தட்டுக்கு உரிய இரண்டாவது காம்பரா கூடலூரில் இருந்தது.

லயங்கள் இப்போது மெல்லக் கலைகின்றன. 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மூழ்கிய பின்னர், தனி வீடுகளின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு கட்டும் திட்டம் தொடங்கியது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். தனி வீட்டில் நடுச்சுவர் இல்லை. சுவரின் மேலே இடைவெளியும் இல்லை.

நான் கூறிய தாயும் மகனும் அவ்வாறான இரண்டு வீடுகளுக்குப் பின்னர் குடிபோனார்கள். சென்று பார்த்தபோது தட்டு மகனின் கூரையில் நின்றது. ஒரு வாயின் கம்பி அவன் வீட்டுக்குள் இறங்கியது. மற்றது கொய்யா மரத்தின் கிளை வழியாகத் தாயின் வீட்டுக்குப் போயிற்று. இப்போது தனித் தட்டு வாங்க வசதி இருக்கிறதே என்று கேட்டேன். வாங்கலாம்தான் என்றான் மகன். உள்ளேயிருந்து தாய், அந்தக் கம்பியில் ஈரத்துணி போடாதே என்று பேத்தியை அதட்டிக்கொண்டிருந்தாள்.